ஆய்க்குடி தேடி வந்த விஞ்ஞானம்

தவழாத குழந்தைக்காக வீடு வீடாகச் செல்லும் கருவி

தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிறது ஆய்க்குடி. அங்கே அனுமன் நதிக்கரையில் பாலசுப்பிரமணிய சுவாமி கோவில் கொண்டிருக்கிறார். பிள்ளை வரம் வேண்டி இந்தச் சந்நிதிக்கு வருகிறவர்கள் அநேகம். வேண்டுதல் பலித்ததும் ஆற்றுப் படியில் பாயசத்தை ஊற்றுவார்கள். குழந்தைகள் கூடி உட்கார்ந்து அதை வழித்துச் சாப்பிடுவார்கள். இதற்குப் "படிப்பாயசம்" என்று பெயர்.

பிள்ளை பிறந்தால் வீடே கொண்டாடும். ஆனால், பிறந்த பிள்ளைக்கு நான்கு மாதம் கடந்தும் தலை நிற்கவில்லை. ஒன்பது மாதம் ஆகியும் உட்கார முடியவில்லை என்றால்?

"சில பிள்ளைகளுக்குத் தாமதம் ஆகும். உன் மாமன்கூட இரண்டு வயதுக்கு அப்புறம்தான் நடந்தான்" என்று பாட்டி ஆறுதல் சொல்வாள். மந்திரிப்பார்கள், தாயத்துக் கட்டுவார்கள். மாதங்கள் ஓடிவிடும்.

அப்படி ஓடிப் போகும் மாதங்கள்தான் திரும்பக் கிடைக்காத மாதங்கள் என்கிறது இன்றைய விஞ்ஞானம். ராக்கெட்டிலும் கம்ப்யூட்டரிலும் எத்தனையோ புதுமைகள் வருகின்றன. அவற்றில் எது இந்தக் குழந்தையின் வீட்டு வாசல்வரை வந்து சேருகிறது? ஆய்க்குடி என்ற சிற்றூர் இந்தக் கேள்விக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடி வருகிறது.

ஒரு விநாடியில் மாறிய வாழ்க்கை

1975-ம் ஆண்டு. ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் அப்போது என்ஜினீயரிங் மாணவர். கடற்படையில் அதிகாரியாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. தேர்வுக்காகப் பெங்களூர் சென்றார். உடல் திறன் சோதனையின்போது தவறிக் கீழே விழுந்தார். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே கையும் காலும் செயல் இழந்தன.

ராணுவ ஆஸ்பத்திரியில் அவருக்குச் சிகிச்சை அளித்துத் தைரியம் ஊட்டியவர் டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல். ஊருக்குத் திரும்பிய இளைஞர் படுக்கையே கதி என்று முடங்கிவிடவில்லை. உடல் ஊனமுற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த 1981-ல், டாக்டரின் பெயரால் "அமர் சேவா சங்கம்" என்ற நிலையத்தை ஆய்க்குடியில் தொடங்கினார். சில குழந்தைகளுக்கான சிறு பள்ளிதான் ஆரம்பம்.

1992-ல் அவருக்குத் துணையாக எஸ். சங்கரராமன் வந்து சேர்ந்தார். இவர் ஆடிட்டர் பட்டம் பெற்றவர். தசை நலிவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்பவர். நடக்க முடியாத இரண்டு பேர் சேர்ந்து ஆயிரக்கணக்கானவர்களை நடக்க வைக்கும் காரியத்தில் இறங்கினார்கள். 2020-ம் ஆண்டு ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

முதல் ஆயிரம் நாட்கள்

வளர்ந்த மனிதனின் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையே பாதைகள் அமைவது பெரும்பாலும் வாழ்வின் தொடக்கத்தில். இரண்டு வயதுக்குள் மூளை தன் முழு வளர்ச்சியில் ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. எந்தப் பாதையில் நடமாட்டம் உண்டோ அது பலப்படும். நடமாட்டம் இல்லாத பாதை, ஆள் நடக்காத வரப்பைப் போலப் புல் மூடிப் போகும்.

பிரசவத்துக்கு முன்போ, பிரசவத்தின்போதோ, சற்றுப் பின்னரோ மூளையின் ஒரு பகுதிக்குக் கேடு நேர்ந்தால் அந்தக் குழந்தைக்குப் "பெருமூளை வாதம்" வரலாம். ஆயிரம் குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இந்தக் கதி நேர்கிறது. சேதம் அடைந்த இடம் மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் பக்கத்து இடங்கள் அதன் வேலையை ஓரளவு கற்றுக்கொள்ளும். குழந்தை எவ்வளவு சிறியதோ, அவ்வளவுக்குக் கற்கும் சக்தி அதிகம்.

ஒரு கை மட்டும் முடங்கிய குழந்தைக்கு இப்போது தரப்படும் ஒரு சிகிச்சையைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். நோயுள்ள கையை விட்டுவிட்டு நல்ல கையைத் துணியால் கட்டிவிடுகிறார்கள்! தினமும் சில மணி நேரம் முடங்கிய கையாலேயே விளையாட வேண்டும். பண்டத்தை எடுத்துத் தின்ன வேண்டும். வேறு வழி இல்லாததால் மூளை அந்தக் கைக்குப் புதுப் பாதை போடுகிறது. மாத்திரை இல்லை, மருந்து இல்லை. பொறுமைதான் தேவை.

முன்பெல்லாம் பெருமூளை வாதம் இருப்பது உறுதியாவதற்கே குழந்தைக்கு ஒன்று, இரண்டு வயது ஆகிவிடும். இப்போது ஐந்தாவது மாதத்துக்குள்ளேயே பெரும்பாலும் சொல்லிவிட முடியும். மூன்று மாதக் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தால் கையும் காலும் ஓயாமல் சிறு சிறு அசைவுகளாகத் துள்ளிக் கொண்டிருக்கும். அந்தத் துள்ளல் இல்லாவிட்டால் எச்சரிக்கை! சில நிமிஷ நேர வீடியோப் படத்தைப் பார்த்தே, பயிற்சி பெற்றவர்கள் இதைக் கண்டுபிடித்து விடுகிறார்கள்.

கையில் ஒரு பலகை

கண்டுபிடிப்பது ஒரு பாதி. சிகிச்சை தருவது மறுபாதி. தசைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, கைத்தொழில் பயிற்சி நிபுணர்கள் எல்லாரும் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். குழந்தையோ மலையடிவாரக் கிராமத்தில் இருக்கிறது. வாரம் இருமுறை பஸ் ஏறிப் போக வேண்டுமானால் தாய்க்கு அன்றைய கூலி போய்விடும். இரண்டு மாதம் போவாள். மூன்றாவது மாதம் நின்றுவிடுவாள். அவளைக் குறை சொல்லி என்ன பயன்?

இந்தச் சிக்கலை அவிழ்க்க அமர் சேவா சங்கம் ஒரு வழி கண்டது. கிராமத்துப் பெண்களையே பணியாளர்களாகத் தேர்ந்து பயிற்சி அளித்தார்கள். அவர்கள் கையில் சிலேட்டுப் பலகை போன்ற கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்தார்கள். அதற்குள் "எனேபிளிங் இன்க்ளூஷன்" என்ற செயலி இருக்கிறது.

பணியாளர் வீட்டுக்கே போகிறார். குழந்தையின் தலை நிற்கிறதா, பொம்மையைப் பார்த்துக் கை நீட்டுகிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பலகையில் பதிவு செய்கிறார். நிபுணர்கள் அதைப் பார்த்துப் பயிற்சித் திட்டம் வகுக்கிறார்கள். பணியாளர் அதைத் தாய்க்குச் செய்து காட்டுகிறார். அடுத்தடுத்த வருகைகளில் முன்னேற்றம் பதிவாகிறது. முன்னேற்றம் இல்லாவிட்டால் திட்டம் மாற்றப்படுகிறது.

இந்த முறையில் முக்கிய வைத்தியர் யார் தெரியுமா? தாய்தான். குளிப்பாட்டும்போதும், சோறு ஊட்டும்போதும், இடுப்பில் வைத்துக்கொள்ளும்போதும் பயிற்சி நடக்கிறது. தாயின் மன உளைச்சல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதையும் இவர்கள் கணக்கில் எடுத்துக் கொள்கிறார்கள். இந்த அனுபவங்கள் சர்வதேச ஆராய்ச்சி இதழ்களில் கட்டுரைகளாக வெளிவந்து, வெளிநாட்டார் கவனத்தையும் ஈர்த்திருக்கின்றன.

லண்டன் மருந்து சென்னைக்குப் பொருந்துமா?

அயல்நாட்டில் பலித்தது எல்லாம் இங்கும் பலித்துவிடும் என்று எண்ணுவது ஆபத்து. இதற்குச் சமீபத்திய உதாரணம் ஒன்று உண்டு.

பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட சிசுவின் உடலை 33.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்குக் குளிர்வித்து, 72 மணி நேரம் வைத்திருப்பது மேல்நாடுகளில் நடைமுறையில் உள்ள சிகிச்சை. அங்கே இதனால் பல குழந்தைகள் பிழைத்தன, ஊனமும் குறைந்தது. நமது ஆஸ்பத்திரிகளும் இதைப் பின்பற்றத் தொடங்கின.

இது இங்கே எப்படி வேலை செய்கிறது என்று இந்தியா, இலங்கை, வங்காள தேசம் ஆகிய நாடுகளின் ஏழு ஆஸ்பத்திரிகளில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. சென்னையும் அதில் ஒன்று. 408 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். 2021-ல் முடிவு வெளிவந்தபோது டாக்டர்கள் திகைத்தார்கள். குளிர்விக்கப்பட்ட குழந்தைகளில் 100-க்கு 42 பேர் இறந்தனர். குளிர்விக்காமல் வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களில் இறந்தது 100-க்கு 31 பேர்!

மேல்நாடுகளில் பெரும்பாலும் பிரசவ நேரத்தில் திடீரென்று மூச்சுத் தடை ஏற்படுகிறது. இங்கே நெடுநேரப் பிரசவ வேதனையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதம் முன்னதாகவே நேர்ந்துவிடுகிறது என்று கருதப்படுகிறது. நோயின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அது வரும் வழி வேறு. ஆகவே நமது குழந்தைகளுக்கான ஆராய்ச்சி நமது மண்ணிலும் நடந்தாக வேண்டும்.

அந்தத் திசையில் சென்னை ஐ.ஐ.டி. ஒரு பெருங்காரியம் செய்திருக்கிறது. அங்குள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆராய்ச்சி நிலையத்தார், கருவில் வளரும் மூளையை மயிரிழையினும் மெல்லிய வில்லைகளாகச் சீவிப் படம் எடுத்தார்கள். 5,132 வில்லைகள்! அவற்றை அடுக்கி அணு அணுவாகக் காட்டும் வரைபடம் ஒன்றை உருவாக்கி, 2024 டிசம்பரில் உலகத்தார் அனைவரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். அதற்கு வைத்த பெயர் "தரணி". கோளாறு எங்கே தொடங்குகிறது என்று தேடுவோருக்கு இனி இது வழிகாட்டும்.

ராக்கெட் கொடுத்த கால்

வான ஆராய்ச்சிக்கும் நொண்டி நடக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

அப்துல் கலாம் ஏவுகணை ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த காலம். ஐதராபாத் ஆஸ்பத்திரி ஒன்றில், குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புத் தாங்கிகளைக் காலில் கட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடப்பதை அவர் பார்த்தார். அக்னி ஏவுகணைக்காகச் செய்த கனமற்ற பொருளில் தாங்கிகள் செய்து தரப்பட்டன. எடை சுமார் 300 கிராம்! குழந்தைகள் ஓடினார்கள், பெற்றோர் கண்ணீர் விட்டார்கள். தமது பணிகளிலே தமக்குப் பேரானந்தம் தந்தது இதுவே என்று கலாம் பலமுறை கூறியிருக்கிறார்.

அந்த மரபு தொடர்கிறது. முழங்காலுக்கு மேல் கால் இழந்தவர்களுக்காக, தானே நடையை உணர்ந்து மடங்கி நிமிரும் செயற்கை முழங்காலை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி வருவதாக 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. 1.6 கிலோ எடையுள்ள அந்த மாதிரியைப் பொருத்திக்கொண்ட ஒருவர், சோதனையில் சுமார் 100 மீட்டர் தூரம் நடந்தார்.

சென்னை ஐ.ஐ.டி.யில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பேராசிரியை சுஜாதா சீனிவாசன் தலைமையில் அங்கே உருவான "அரைஸ்" என்ற நாற்காலி 2019 நவம்பரில் அறிமுகமானது. உட்கார்ந்திருப்பவர் பிறர் உதவி இல்லாமல் தாமே எழுந்து நிற்கலாம். எப்போதும் உட்கார்ந்தே இருப்பதால் வரும் படுக்கைப் புண், எலும்புத் தேய்வு போன்ற உபாதைகளை இது குறைக்கும். 2022-ல் "கதம்" என்ற செயற்கை முழங்கால் வந்தது. 2025 ஜூலையில், 9 கிலோ எடையே உள்ள, அவரவர் உடல் அளவுக்கு ஏற்பச் செய்யப்படும் சக்கர நாற்காலி வெளியாயிற்று. வாடகைக் காரிலோ ஆட்டோவிலோ ஏற்றிவிடலாம்.

நினைத்தால் நடக்கும் கால்கள்

ராமகிருஷ்ணனுக்கு நேர்ந்தது போன்ற தண்டுவடக் காயத்துக்கு, 1975-ல் வைத்தியம் கிடையாது. அறுந்த நரம்பு மறுபடி கூடாது என்பதே சாஸ்திரம். இன்றும் அதைக் கூட்டிவிட முடியவில்லை. ஆனால் அறுந்த இடத்தைத் தாண்டிச் செல்ல ஒரு பாலம் போடுகிறார்கள்!

ஹாலந்து நாட்டுக்காரர் கெர்ட்-யான் ஆஸ்காம், 2011-ல் சைக்கிள் விபத்தில் கழுத்து அடிபட்டவர். சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் அவர் மூளையின் மேல் இரண்டு உணர்கருவிகளைப் பதித்தார்கள். நடக்க வேண்டும் என்று அவர் நினைத்ததும் மூளையில் எழும் மின் அலையை அவை வானொலி போல் அனுப்பும். முதுகுப் பையில் உள்ள கம்ப்யூட்டர் அதைப் புரிந்துகொண்டு, காயத்துக்குக் கீழே தண்டுவடத்தில் வைத்த இன்னொரு கருவிக்குக் கட்டளை இடும். கால் நகரும்! ஊன்றுகோலின் துணையோடு அவர் நடந்தார், படியும் ஏறினார். 2023 மே மாதம் இந்தச் செய்தி வெளிவந்தது.

ஆபரேஷன் இல்லாத முறையும் வந்திருக்கிறது. கழுத்தின் தோல்மீது மின்முனைகளை ஒட்டி, கை அசைவைத் தூண்டும் சிகிச்சை 60 பேரிடம் சோதிக்கப்பட்டது. 100-க்கு 72 பேருக்குக் கையின் பலமும் செயல்திறனும் கூடின. 2024 டிசம்பரில் அமெரிக்க சர்க்கார் இதற்கு அனுமதி தந்தது. ஒரு டம்ளரைத் தானே பிடித்துத் தண்ணீர் குடிப்பது மற்றவர்களுக்குச் சாதாரணம். கழுத்து அடிபட்டவருக்கு அது விடுதலை.

26 கோடி ரூபாய் ஊசி

தசை நலிவு நோயில் பல வகை உண்டு. கொடியது "டூஷேன்" வகை. இது ஆண் குழந்தைகளையே பெரும்பாலும் தாக்கும். ஓடி விளையாடிய பையன் மாடிப்படி ஏறத் தடுமாறுவான். பன்னிரண்டு வயதுக்குள் பலர் நாற்காலிக்கு வந்துவிடுவார்கள். தசைக்கு வலுவூட்டும் ஒரு புரதத்தைச் செய்யும் மரபணு பழுதாவதே காரணம். மனித மரபணுக்களிலே மிகப் பெரியது அதுதான். அதைச் சுருக்கி, தீங்கற்ற வைரஸில் ஏற்றி ஒரே ஊசியாகச் செலுத்தும் சிகிச்சைக்கு 2023 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அதன் விலை 32 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 26 கோடி ரூபாய்! பணம் மட்டும் பிரச்னை அல்ல. நடக்க முடியாத நிலையில் ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் இருவர் கல்லீரல் செயல் இழந்து இறந்தார்கள். 2025-ல் அத்தகையவர்களுக்கு இதைத் தருவது நிறுத்தப்பட்டது. புதுமை என்றால் உடனே மயங்கக் கூடாது என்பதற்கு இது ஒரு பாடம்.

இங்கே நம்பிக்கை தரும் செய்தி வேலூரிலிருந்து வருகிறது. ரத்தம் உறையாத நோயால் கடுமையாக அவதியுற்ற ஐந்து பேருக்கு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் மரபணு சிகிச்சை அளிக்கப்பட்டது. அவரவர் உடலின் மூல அணுக்களையே எடுத்து, சரியான மரபணுவைப் புகுத்தித் திரும்பச் செலுத்தினார்கள். அதன் பிறகு கண்காணித்த காலத்தில் ஒருவருக்கும் ரத்தக் கசிவு இல்லை. 2024 டிசம்பரில் உலகப் புகழ் பெற்ற மருத்துவ இதழ் இதை வெளியிட்டது. இங்கேயே செய்யத் தெரிந்துவிட்டால் விலையும் ஒரு நாள் இறங்கி வரும்.

மலையடிவாரத்து மேதைகள்

தென்காசி வட்டாரத்துக்கு விஞ்ஞானம் புதிதல்ல. பக்கத்துச் செங்கோட்டையில் பிறந்தவர் நிகார் ஷாஜி. திருநெல்வேலி அரசு என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர். சூரியனை ஆராயும் "ஆதித்யா எல்-1" விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்தவர் இவரே. 2023 செப்டம்பர் 2-ந் தேதி கிளம்பிய அந்தக் கலம், 15 லட்சம் கிலோ மீட்டர் பயணம் செய்து 2024 ஜனவரி 6-ந் தேதி தன் இடத்தை அடைந்தது. 2024 மே மாதம் பெரும் சூரியப் புயல் வீசி, லடாக் வானம் சிவந்தபோது, இந்தக் கலம் அதைக் கண்காணித்தது.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ கம்ப்யூட்டர் நிறுவனத்தின் அலுவலகம் இயங்கி வருகிறது. கிராமத்துப் பிள்ளைகள் பட்டணம் போகாமலே உலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியே குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும் அதே காற்று, சமவெளியில் ராட்சத விசிறிகளைச் சுழற்றி மின்சாரம் தருகிறது.

இத்தனையும் ஒருசில மைல்களுக்குள் இருந்தும், தலை நிற்காத குழந்தைக்கு அவற்றால் என்ன பலன் என்பதே உண்மையான பரீட்சை. சூரியனுக்குக் கலம் அனுப்பத் தெரிந்த நாட்டுக்கு, சந்தின் கடைசி வீட்டுக்கு ஒரு பணியாளரை அனுப்புவதும் தெரிந்திருக்க வேண்டும். தமிழக அரசு "விழுதுகள்" என்ற பெயரில் மாற்றுத் திறனாளிகளுக்குச் சிகிச்சையும் பயிற்சியும் ஒரே இடத்தில் தரும் மையங்களைத் திறந்து வருகிறது. நல்ல தொடக்கம். ஆனால் மையம் எவ்வளவு அருகில் வந்தாலும், முதல் அடியை வீட்டில் இருப்பவர்கள்தான் எடுத்து வைக்க வேண்டும்.

வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள் மூன்று விஷயங்களை மனத்தில் வைத்தால் போதும். நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்காவிட்டால், ஒன்பது மாதத்தில் உட்காராவிட்டால், ஒன்றரை வயதில் நடக்காவிட்டால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னால் நிம்மதி. ஏதாவது இருந்தால், நேரம் இன்னும் கையில் இருக்கிறது.

ஆய்க்குடியில் அனுமன் நதிப் படிகளில் பாயசம் உண்ண வருகிற பிள்ளைகள் பலவிதம். துள்ளி ஓடி வருகிறவர்கள் உண்டு. தாங்கி கட்டிய காலோடு, தாயின் விரலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிறவர்களும் உண்டு. மெதுவாக வந்தாலும் அந்தக் குழந்தைக்கும் பந்தியில் இடம் இருக்கிறது. அந்த இடத்துக்கு அதைக் கொண்டு சேர்ப்பதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு விஞ்ஞானத்தில் எது!